கொடுத்து வைத்தவர்களா அவர்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

பாஸ்டனிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும், அத்துடன் அனுப்பிய வெர்மான்ட் மாநிலப் படங்களும் கிடைத்தன. மலை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக மேப்பிள் மரங்கள், அடிவாரத்தில் ஒரு சிவப்புக் கொட்டகை, அதன் முன்னால் டிராக்டர். ‘என் ஆபீஸில் ஜன்னல்கூடக் கிடையாது. இந்த விவசாயிகளுக்கும் மரம் வெட்டுகிறவர்களுக்கும் ஆபீஸே இதுதான். கொடுத்து வைத்தவர்கள்’ என்று முடித்திருந்தீர்கள். பாதிக்கு நான் உடன்படுகிறேன். மீதிப் பாதிக்காக இந்தக் கடிதம்.

படத்தில் வராத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்: நாற்றம். வெர்மான்டில் டிசம்பர் 15 முதல் ஏப்ரல் 1 வரை வயலில் சாணம் தெளிக்கச் சட்டப்படி தடை. உறைந்த நிலத்தில் கொட்டிய சாணம் உள்ளே இறங்காது. பனி உருகும்போது ஓடையோடு போய் சாம்ப்ளெய்ன் ஏரியில் கலந்து பாசியைக் கிளப்பிவிடும். ஆகவே குளிர்காலம் முழுக்கச் சேரப்போகும் சாணத்துக்கு இடம் வேண்டுமானால், இலை உதிர்வதற்குள்ளும் உதிர்ந்த கையோடும் சாணக்குழியைக் காலி செய்தாக வேண்டும். உங்கள் படத்தில் டிராக்டருக்குப் பின்னால் ஒரு நீளத் தொட்டி தெரிகிறதே, அதில் இருப்பது அநேகமாக அதுதான். கார்க் கண்ணாடியை இறக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதே வாரங்களில்தான் மாட்டுத்தீவன மக்காச்சோளமும் அறுவடைக்கு வருகிறது. கதிரும் தட்டையுமாக வெட்டி, பொடியாக நறுக்கி, மேடையில் கொட்டி, டிராக்டரை ஏற்றி அமுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே பழைய டயர்களைப் பரப்பி ஊறுகாய்ப்புல் போடுகிறார்கள். ஈரம் அதிகமானால் சாறு வடிந்து வீணாகும். காய்ந்துபோனால் காற்று தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பதமான நாட்கள் கொஞ்சம்தான். அது தவறினால் மாடுகள் அடுத்த ஆண்டு முழுக்க அந்தக் கெட்ட தீவனத்தைத்தான் தின்ன வேண்டும். இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டுவது இதனால்தான்.

நீங்கள் நாள் பார்த்துப் போனீர்கள் அல்லவா, உச்சகட்ட நிறம் எந்த வார இறுதியில் என்று? அந்த நிறம் வருவதும் ஒரு கணக்குத்தான். பகல் குறையக் குறைய இலையின் பச்சையம் சிதைகிறது. மஞ்சள் ஏற்கெனவே இலைக்குள் மறைந்திருந்தது. பச்சை விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பை மட்டும் மரம் அந்தப் பருவத்தில் புதிதாகத் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்தால் சிவப்பு ஏறும். அந்தக் குளிர் இன்னும் இரண்டு படி இறங்கினால் உறைபனி. பறிக்காத ஆப்பிளும் பூசணியும் தோட்டத்தில் கிடக்கிறவருக்கு, மலை சிவக்கும்போது ரசனையைவிட அவசரம்தான் முதலில் வரும்.

உங்கள் கடிதத்தில் ‘மனிதக் கை படாத இயற்கை’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு மட்டும் நான் சண்டைக்கு வருவேன். லிஸ்பனில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஜார்விஸ் 1811-இல் மெரினோ செம்மறிகளை வெர்மான்டுக்குக் கொண்டுவந்தார். கம்பளிக்கு விலை ஏறியது, மலைகள் மொட்டையாயின. 1840 கணக்கெடுப்பில் அந்தச் சின்ன மாநிலத்தில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள். மனிதர்களோ 3 லட்சம்கூட இல்லை. பிறகு மேற்கே விரிந்த புல்வெளிகளின் கம்பளியோடு போட்டிபோட முடியவில்லை. கல்லும் சரிவுமான நிலத்தை விட்டுவிட்டு ஜனங்கள் மேற்கே வண்டி கட்டினார்கள், ஆலைகளுக்குப் போனார்கள். விட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் காடு தானாகத் திரும்பி வந்தது. இன்று மாநிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு காடு. உள்ளே நடந்தால் அடர்ந்த மரங்களுக்கு நடுவே, எதையும் அடைக்காத கல்சுவர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். அவை அந்தக் காலத்து வயல் வரப்புகள். நீங்கள் படமெடுத்த சிவப்பு, விவசாயம் தோற்ற இடத்தில் முளைத்தது.

தோற்காத இடம் எது தெரியுமா? உங்கள் படத்தின் நடுவிலே இருக்கும் பச்சைப் புல்வெளி. அது இல்லாவிட்டால் மலையே தெரியாது; மரத்துக்குப் பின்னால் மரம், அவ்வளவுதான். அந்தப் புல்லை வருஷாவருஷம் யாரோ அறுக்கிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். நிறுத்தினால் சில ஆண்டுகளில் புதரும், பிறகு காடும் மூடிவிடும். 1940-களில் வெர்மான்டில் பால் பண்ணைகள் 11,000-க்கும் மேல். இப்போது சுமார் 500. வெர்மான்ட்காரர்களுக்கு இந்தக் காட்சியின் விலை நன்றாகத் தெரியும்: 1968-லேயே சாலையோர விளம்பரப் பலகைகளைத் தடை செய்துவிட்டார்கள். வயலையும் வெட்டுமரக் காட்டையும் மனை விலைக்கு மதிப்பிடாமல், விளைச்சலை வைத்து வரி போடும் திட்டத்தை 1978-இல் கொண்டுவந்தார்கள். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் பல பண்ணைகள் என்றைக்கோ வார இறுதி பங்களாக்களாகியிருக்கும். அழகான இடத்தில் வேலை செய்வதில் இப்படி ஒரு தண்டனை உண்டு. அழகு கூடக்கூட நிலத்தின் விலை ஏறி, உழுகிறவன் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது.

பொம்ஃப்ரெட் என்ற ஊரின் கதை உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். அங்கே ஒரு பண்ணை வீடு இணையப் படங்களால் புகழ்பெற்றுவிட்டது. ஒற்றைவண்டி மண்சாலையில் கார்கள் அடைத்துக்கொள்ள, ஆம்புலன்ஸ் போக வழியில்லை என்று ஊரார் முறையிட, 2023 இலையுதிர்காலத்தில் வெளியூர் வண்டிகளுக்குச் சாலையையே மூடிவிட்டார்கள். நான் ஊரார் பக்கம்.

இனி மரம் வெட்டுகிறவர்கள். பைன் வாசனை, பறவைச் சத்தம், சுத்தமான காற்று என்று எழுதியிருந்தீர்கள். ரம்பம் ஓடும்போது காதடைப்பான் போட்டிருப்பார்கள், பறவை கேட்காது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2022 கணக்குப்படி, முழுநேர வேலைக்குக் கணக்கிட்டு லட்சம் தொழிலாளருக்கு வேலையில் இறப்பவர்கள் எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்து 3.7 பேர். மரம் வெட்டுவதில் மட்டும் 100.7. மரம் விழும்போது பக்கத்து மரத்தில் சிக்கி நிற்கும்; உச்சியில் காய்ந்த கிளை ஒன்று தொங்கிக்கொண்டு, ரம்பத்தின் அதிர்வுக்காகக் காத்திருக்கும். அடர்ந்த இலை இருக்கும்வரை அந்தக் கிளை கண்ணுக்குப் படாது. நமக்கு இலை உதிர்ந்ததும் சீசன் முடிந்தது. அவர்களுக்கு அப்போதுதான் மேலே பார்த்து வேலை செய்ய வெளிச்சம் கிடைக்கிறது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். மெய்ன் மாநிலக் காடுகளில் இன்று பெரும்பகுதி மரத்தை வெட்டுவது யந்திரம். அதை ஓட்டுகிறவர் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரு திரையுமாக நாள் முழுக்க வேலை பார்க்கிறார். உங்களைப் போலவே முதுகுவலி. யந்திரம் பல லட்சம் டாலர், பெரும்பாலும் கடனில். மழை பெய்து நிலம் சேறானால் யந்திரம் நிற்கும், தவணை நிற்காது. ஆகவே சேறாக்கும் இலையுதிர்கால மழையைச் சபித்துக்கொண்டு, தரை கல்லாக உறையும் நாளுக்குக் காத்திருக்கிறார்கள். மரம் வெட்டினாலும் வாங்க ஆள் வேண்டுமே. மெய்னின் ஜே என்ற ஊர்க் காகித ஆலையில் 2020 ஏப்ரலில் மரக்கூழ் காய்ச்சும் கலன் வெடித்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 2023-இல் ஆலையே மூடப்பட்டது. பலகைக்கு ஆகாத மட்ட மரத்தை விற்றுவந்தவர்களுக்கு அது பெரிய இடி.

சொல்லாமல் விடக் கூடாத ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தச் சிவப்புக் கொட்டகைக்குள் மாடு கறப்பவர்கள். வெர்மான்ட் பால் பண்ணைகளில் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் நிறைய. ஆப்பிள் பறிக்க ஜமைக்காவிலிருந்து வருகிறவர்களுக்குப் பருவகால விசா உண்டு; நெஞ்சில் சுமார் 15 கிலோ பையைத் தொங்கவிட்டு ஏணியில் ஏறினாலும், சீசன் முடிந்தால் சம்பளத்தோடு வீடு திரும்பலாம். பசுவுக்குப் பருவகாலம் இல்லை, வருஷம் முழுக்கக் கறக்க வேண்டும். அதனால் அந்த விசா பால் பண்ணைக்குப் பொருந்தாது. உரிய ஆவணம் இல்லாமல், கனடா எல்லைக் காவலர் நடமாடும் பகுதியில், நடுராத்திரிக் கறவையும் விடியற்காலைக் கறவையுமாக உள்ளேயே இருக்கிறார்கள் பலர். கடைக்குப் போகவே பயம். ஊரே வண்டி கட்டிவந்து பார்க்கும் மலை வாசலில் இருக்க, அவர்கள் பார்ப்பது டியூப்லைட்டும் மாட்டின் பின்னங்கால்களும். 2017 அக்டோபரில், இந்தத் தொழிலாளர்களின் அமைப்பும் பென் அண்ட் ஜெர்ரிஸ் ஐஸ்கிரீம் நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பால் தரும் பண்ணைகளில் ஓய்வுநாள், தங்குமிடம், கூலி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச விதிகள் வந்தன. இலை சிவக்கும் மாதத்தில் கையெழுத்தானது என்பது தற்செயல்.

அப்படியானால் அவர்கள் யாரும் ரசிப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். ரசிக்காமல் என்ன? கண் இருக்கிறதே. டிராக்டர் திரும்பும் முனையில் ஒரு நிமிஷம் மலையைப் பார்க்காத விவசாயி இருப்பார் என்று நான் நம்பவில்லை. சம்பளம் குறைந்த, உடம்பு நோகும் ஒரு தொழிலில் மனிதர்கள் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்த ஒரு நிமிஷமும் ஒரு காரணம். ஆகவேதான் பாதிக்கு உடன்படுகிறேன் என்றேன்.

அடுத்த அக்டோபரில் மறுபடி போவீர்கள். வயலுக்குள் இறங்கும் வழியை அடைத்துக் காரை நிறுத்தாதீர்கள். முன்னால் டிராக்டர் ஊர்ந்தால் ஹாரன் வேண்டாம். பண்ணை வாசல்களில் மேப்பிள் பாகும் ஆப்பிளும் பூசணியும் அடுக்கி, விலை எழுதிய அட்டையும் காசு போட ஒரு பெட்டியும் வைத்திருப்பார்கள். படத்தோடு திரும்பாமல் அங்கே ஏதாவது வாங்குங்கள். சில்லறை கொண்டுபோங்கள், பாக்கி கொடுக்க அங்கே ஆள் இருக்காது.

அன்புடன்.