ஆரஞ்சையும் சேர்த்துக் கொண்டுவா

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. 'சிருஷ்டியை நம்புகிற நான் ஆல்ஃபாஃபோல்டை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா?' என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய். ஆனால் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் அந்த நிரல் போடுகிற கணக்கு என்ன என்று தெரிந்துகொண்டு செய்.

மனிதன், எலி, ஈஸ்ட் என்று பல உயிர்களில் உள்ள ஒரே வகைப் புரதத்தின் அமினோ அமில வரிசைகளை அது அடுக்கிப் பார்க்கிறது. இரண்டு இடங்கள் சேர்ந்தே மாறியிருந்தால், புரதம் மடியும்போது அவை அருகருகே வரும் என்று ஊகிக்கிறது. 1971 முதல் புரதத் தரவு வங்கியில் சேர்ந்துவந்த வடிவங்கள்தான் அதற்குப் பாடப்புத்தகம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆய்வுக்கூடத்தில் யாரோ பட்ட பாடு இருக்கிறது. 2022இல் அது தந்த வடிவங்கள் 20 கோடியைத் தாண்டின. 2024இல் அதை உருவாக்கிய இருவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வரிசைகள் ஒத்துப்போவதற்குப் பொது மூதாதையே காரணம் என்பார்கள் உன் துறையினர். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரங்களைத் தட்டிக்கழிக்காமல் படி. எனக்கோ அதில் ஒரே குயவனின் கை தெரிகிறது. அது என் விசுவாசம், ஆல்ஃபாஃபோல்ட் கண்டுபிடித்ததல்ல. 'கம்ப்யூட்டரே கடவுளை நிரூபித்துவிட்டது' என்று சபையில் சாட்சி சொல்ல உன்னை அழைத்தால் மறுத்துவிடு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை ஆய்வுக்கூடத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆல்ஃபாஃபோல்ட் தரும் வடிவப் படத்தில் நிறங்களைக் கவனித்திருப்பாய். நம்பிக்கை மதிப்பெண் 90க்கு மேல் என்றால் கருநீலம்; 50க்குக் கீழ் என்றால் ஆரஞ்சு. 'இந்த இடம் எனக்குத் தெரியவில்லை' என்று அதுவே ஒத்துக்கொள்கிறது. நீலத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கட்டுரையில் போட உனக்கு ஆசை வரும். போடாதே. கேட்டதும் பத்தி பத்தியாக எழுதித் தரும் சாட்ஜிபிடியில் அந்த ஆரஞ்சுகூடக் கிடையாது. இல்லாத ஆய்வுக் கட்டுரையையும் சில சமயம் இருப்பதுபோல் மேற்கோள் காட்டிவிடும். மூலத்தை நீயே திறந்து படிக்காமல் ஒரு வரியும் சேர்க்காதே.

புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் உடன் உழைத்தவர்களும் வரைந்து வைத்தார்கள். உனக்குக் கிடைக்கும் வடிவத்தை அந்த வரைபடத்திலும் வைத்துப் பார்.

வானியலாளர் கெப்ளரை நினைத்துக்கொள். வானம் தேவனுடைய கைவேலை என்று நம்பியவர். கோள்களின் பாதைக்கு வட்டமே தகும் என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும்தான். செவ்வாயின் கணக்கு 8 கலை மட்டும் உதைத்தது. ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. டைக்கோ பிராகே அளந்ததை அவர் தள்ளவில்லை, வட்டத்தைத்தான் தள்ளினார். 1609இல் நீள்வட்டத்தை உலகுக்குச் சொன்னார். தேவனுக்கு எந்தப் பாதை தகும் என்பதை முடிவு செய்வது தன் வேலையல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன் புரதத்தின் படத்தைக் கொண்டுவா. எனக்கு ஆரஞ்சுப் பகுதியையும் பார்க்க வேண்டும்.

ஜெபத்துடன்,
உன் பெரியப்பா