புதிய வன்தட்டைக் கணிப்பொறி அறியாதபோது

கணிப்பொறியில் வன்தட்டு கெட்டுவிட்டால் புதியதொன்றை வாங்கிப் பொருத்தினால் தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் சில வேளைகளில், பொருத்திய பின்னும் அப்படியொரு தட்டு இருப்பதாகவே கணிப்பொறி காட்டுவதில்லை. அப்போது நம்முள் பலர் இரண்டிலொன்று செய்கின்றனர். புதிய தட்டும் கெட்டதுதான் என்று முடிவுகட்டிக் கடைக்கு ஓடுகின்றனர். அல்லது திரையில் தோன்றும் பொத்தான்களையெல்லாம் அழுத்திப் பார்க்கின்றனர். முன்னதில் பணம் போகும். பின்னதில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஆய்வுத் தரவுகளே போய்விடக் கூடும். பொன்முடி மலையடிவாரத்து விதுராவில் பயிலும் நமக்குத் திருவனந்தபுரத்துக் கடைகள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மேசைக் கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவதற்கு முன், குறை எங்கே என்று நாமே கண்டறிவது நன்று. அதற்குரிய முறையை இங்குக் காண்போம்.

வன்தட்டை 'அறிதல்' என்பது ஒரே செயலன்று. நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, தட்டுக்கு மின்சாரம் கிடைக்க வேண்டும். இரண்டாவது, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை அத்தட்டைக் கண்டு, தன் பயாஸ் பட்டியலில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமை அதனை ஏற்க வேண்டும். நான்காவது, தட்டில் உள்ள பகுதிகளும் கோப்பமைப்பும் அம்முறைமைக்குப் புரிய வேண்டும். விடுதிக்குப் புதிதாக வந்த மாணவனை எண்ணிப் பாருங்கள். வாயிலைக் கடந்துவிட்டான், பதிவேட்டில் பெயரும் ஏறிவிட்டது, அறை மட்டும் ஒதுக்கப்படவில்லை. அறைக் கதவுகளில் அவன் பெயரைத் தேடிக் காணாதவன், "அப்படி ஒருவன் வரவே இல்லை" என்று சொன்னால் பொருந்துமா? வன்தட்டின் செய்தியிலும் நாம் செய்யும் பிழை இதுவே.

ஆதலின் சோதனையை நடுவிலிருந்து, அதாவது பயாஸிலிருந்து தொடங்குதல் வேண்டும். கணிப்பொறியை முடுக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால், பெரும்பாலான பலகைகளில் பயாஸ் திரை வரும். அதில் தட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மின்சாரமும் கம்பியும் பெரும்பாலும் சரியே. குறையை மேற்படிகளில் தேடலாம். இல்லையேல் கீழ்ப்படிகளில் தேட வேண்டும். இந்த ஒரு பார்வையால் வேலை பாதியாகக் குறைகிறது.

பயாஸில் பெயர் இல்லை என்று கொள்வோம். கணிப்பொறியை நிறுத்தி, மின்செருகியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத் திறவுங்கள். சாட்டா வகைத் தட்டுக்கு 15 முனைகள் கொண்ட அகன்ற மின்செருகியும், 7 முனைகள் கொண்ட குறுகிய தரவுச் செருகியும் உண்டு. இரண்டையும் கழற்றி மீண்டும் அழுத்தமாகச் செருகுங்கள். பிறகு தரவுக் கம்பியை மாற்றுங்கள். அடுத்துப் பலகையில் வேறு துளையில் செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் குற்றவாளி எது என்று தெரியாமற் போகும்.

இங்கு மூன்று நுட்பங்களை நினைவிற் கொள்க. சில பலகைகளில் எம்.2 துளையை நிரப்பினால் சாட்டா துளைகளுள் ஒன்றிரண்டு செயலற்றுப் போகும். பலகையின் கையேட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும். சில புதிய தட்டுகளில், மின்செருகியின் மூன்றாம் முனையில் 3.3 வோல்ட் வந்தால் தட்டு சுழலாமல் நின்றுவிடும்; பழைய மின்வழங்கியோடு சேரும்போது இக்குறை தோன்றும். தட்டு நன்றாகவே இருக்கிறது, 3.3 வோல்ட் கம்பி இல்லாத தரமான இணைப்பியே தேவை. மூன்றாவது, நம் பக்கத்துத் துலாவர்ஷ இடிமின்னல். மின்னலுக்குப் பின் பழைய தட்டு மறைந்து, புதியதும் தெரியாமற் போனால், கெட்டது தட்டுதானா என்றே ஐயுற வேண்டும். பழைய தட்டை வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பாருங்கள். அது அங்குத் தெரிந்தால் பழுது பலகையிலோ மின்வழங்கியிலோ இருக்கலாம்.

இனி, பயாஸில் பெயர் உண்டு, விண்டோஸில் மட்டும் காணவில்லை என்று கொள்வோம். புத்தம் புதிய தட்டு வெறுந்தாள் போன்றது. அதில் பகுதி இல்லை, எழுத்துப் பெயரும் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் பகுதியைத் திறந்தால் அது அங்கே காத்திருக்கும். அதனைத் தொடக்கநிலைப்படுத்தும்போது எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்ற இரு முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தும், அது கொண்டது 50 லட்சம் எழுத்துகளே. இன்றோ பழைய எம்.பி.ஆர். முறையின் கணக்கே போதவில்லை. ஒவ்வொன்றும் 512 பைட் கொண்ட 4,294,967,296 கட்டங்களுக்கு மேல் அதனால் எண்ண இயலாது. அது ஏறத்தாழ 2.2 டெராபைட். நான்கு டெராபைட் தட்டில் பாதி காணாமற் போவதற்கு இதுவே காரணம். பெரிய தட்டுக்கு ஜி.பி.டி. முறையே ஏற்றது.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்றுண்டு. மேற்சொன்ன தொடக்கநிலைப்படுத்தல் வெறுந்தட்டுக்கு மட்டுமே உரியது. ஆய்வகத்தில் லினக்ஸில் பயன்பட்ட தட்டை விண்டோஸில் இணைத்தால், அதன் கோப்பமைப்பு புரியாமல், "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கக்கூடும். தட்டு காலியென்பது அதற்குப் பொருளன்று. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதே பொருள். 'ஆம்' என்று அழுத்தினால் ஓர் ஆய்வேட்டின் தரவே அழியலாம். 'இல்லை' என்று சொல்லி, லினக்ஸ் உள்ள கணிப்பொறியில் திறந்து படியெடுத்த பின்னரே மற்றவை.

இத்தனைக்குப் பின்னும் கடைக்குச் செல்ல நேரிடலாம். அப்போதும் இம்முறை வீணாகாது. மலையாளத்தில் நீளமாக விளக்கத் தடுமாறும் நம்மவரும், "பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் தெரியவில்லை" என்றோ, "இரண்டு கம்பி மாற்றியும் பயாஸில் தெரியவில்லை" என்றோ ஒரே வாக்கியத்தில் குறையைச் சொல்லிவிடலாம். குறை எந்தப் படியில் என்று அறிந்தவனிடம் தேவையற்ற பொருளை விற்பது எளிதன்று.