ரத்தத்தில் எண்ணிய மாயசக்தி

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் ஒவ்வொரு புதுப் படத்துக்கும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

பதில்: சொல்லாமல் விட்டதைச் சொல்லப் போனதுதான் வினை. 1977-ல் வந்த முதல் படத்தில் 'குளோன் வார்ஸ்' என்று போகிறபோக்கில் ஒரு பேச்சு வரும், விளக்கம் கிடையாது. ரசிகன் கால் நூற்றாண்டு காலம் அந்தப் போரைத் தன் மனசுக்குள்ளேயே நடத்திக்கொண்டிருந்தான். 2002-ல் திரையில் காட்டியபோது பலருக்குச் சப்பென்று போனது.

1999 படத்தில் செய்தது இன்னும் மோசம். 'ஃபோர்ஸ்' என்ற மாயசக்தியை இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். சிறுவன் அனகினின் ரத்தத்தில் மிடிகுளோரியன் (அந்தச் சக்தியோடு இணைக்கும் நுண்ணுயிர்) 20,000-க்கு மேலாம், மகாகுரு யோடாவுக்கே அவ்வளவு இல்லையாம்! முனிவரின் தவவலிமையை லேப் ரிப்போர்ட்டில் படித்த மாதிரி இருந்தது.

2017 படத்தில், பழைய நாயகன் லூக் ஸ்கைவாக்கர் விரக்தியில் தீவுக்குள் ஒதுங்கியதைப் பலர் இன்றும் மன்னிக்கவில்லை. (எனக்குப் பிடித்திருந்தது. திட்டாதீர்கள்.) ஆனால் 2022-ல் வந்த 'ஆண்டோர்' தொடரில் லைட்சேபர் என்ற ஒளிவாள் சண்டையே இல்லை. வில்லன் பேரரசின் அதிகாரிகள் மீட்டிங்கில் ஒருவரையொருவர் கவிழ்ப்பதையும், கைதிகள் ஷிப்ட் போட்டு உழைப்பதையும் காட்டியே மிரட்டினார்கள். சண்டைக்காரர்களில் பெரும்பாலோர் அதைப் பாராட்டினார்கள்.

புதிதாகப் பார்ப்பவர் என்றால் 1977 படத்திலிருந்து தொடங்குங்கள். 1999 படத்துக்கு அவசரமில்லை.