உப்பும் வெல்லமும்

நோய்க்கு மருந்து கண்டுபிடித்தல் அரிய செயல். அம்மருந்தை நாட்டிலுள்ள ஒவ்வொரு குடிசைக்கும் கொண்டு சேர்த்தல் அதனினும் அரிய செயல். முன்னது அறிஞர் சிலரின் நுண்ணறிவால் முடியும். பின்னதற்கோ எண்ணற்ற மக்களின் வழக்கமும் எண்ணமும் மாறுதல் வேண்டும். எழுத்தறிவும் பொருள்வளமும் குறைந்திருந்த ஒரு நாடு இவ்வரிய செயலை எங்ஙனம் நிறைவேற்றியது என்பதை வங்காளதேசத்தின் அண்மைக்கால வரலாறு நன்கு விளக்குகின்றது.

கங்கையும் பிரமபுத்திராவும் பல கிளைகளாகப் பிரிந்து கடலொடு கலக்கும் தாழ்ந்த நிலப்பரப்பே வங்காளதேசம். ஆண்டுதோறும் பெருகும் வெள்ளம் வயலை வளமாக்கும். குளத்தையும் கிணற்றையும் மாசுபடுத்தவும் செய்யும். அதனால் வயிற்றுப்போக்கும் காலரா என்னும் வாந்திபேதியும் அங்கு ஓயாது வாட்டின. இந்நோய்களில் உயிரைப் போக்குவது பெரும்பாலும் உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுதலேயாம். இழந்த நீரை ஈடுசெய்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார். அதற்கு மருத்துவர்கள் இரத்தக் குழாயின் வழியாக உப்புநீரை ஏற்றி வந்தனர். ஆயினும், தூய மருந்துநீரும் ஊசியும் பயிற்சி பெற்ற கையும் சிற்றூர்த் தாய்க்கு எங்கே கிட்டும்? மருத்துவமனையை நோக்கிப் படகில் செல்லும்போதே குழந்தை கண்மூடிவிடுதலும் உண்டு.

வயிற்றுப்போக்கு மிகுந்திருக்கும்போது வெறும் உப்புநீரைக் குடித்தால் குடல் அதனை நன்கு ஏற்பதில்லை. அதனுடன் தக்க அளவு சர்க்கரை சேர்ந்தால், சர்க்கரையோடு உப்பும், உப்போடு நீரும் குடலால் உறிஞ்சப்படும். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, 1968 ஆம் ஆண்டில் டாக்கா நகரில் டேவிட் நேலின், ரிச்சர்டு கேஷ் என்னும் மருத்துவர்கள் ஆய்வு நடத்தினர். வாய்வழியே கொடுக்கும் கரைசல் காலரா நோயாளிகளைக் காக்க வல்லது என அவர்கள் நிலைநாட்டினர். 1971 ஆம் ஆண்டில் வங்காளதேச விடுதலைப் போர் மூண்டது. அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்றுதற்குரிய மருந்துநீரோ தீர்ந்துபோயிற்று. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையே குடிக்கக் கொடுத்தார். நோயாளியின் சுற்றத்தாரே அதனைப் புகட்டினர். நூற்றுக்கு முப்பதை ஒட்டியிருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கிற்று.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால், கோடிக்கணக்கான வீடுகளுக்கு அதனைக் கொண்டுசெல்லும் வழி எது? இவ்வினாவிற்கு விடை தேட முன்வந்தது, 1972 ஆம் ஆண்டில் ஃபஸ்லே ஹசன் அபேத் தோற்றுவித்த ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம். பொட்டலமாக்கிய மருந்தை எல்லா ஊர்களுக்கும் அனுப்புதல் அக்காலத்தில் எளிதன்று. ஆகவே, வீட்டிலுள்ள பொருளைக் கொண்டே தாய் மருந்து செய்யுமாறு ஒரு முறை வகுக்கப்பட்டது. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் ஆகியவையே அம்மருந்து. சொல்வதற்கு எளிது; ஆயினும் அளவு பிழைத்தல் கூடாது. உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு, குறைந்தால் பயனின்மை.

1979 ஆம் ஆண்டில் சுல்லா என்னும் பகுதியில் இம்முறை முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர், சிறிதளவே கல்வி பெற்ற பெண்கள் பயிற்சி பெற்று, குழுக்களாக ஊர் ஊராகச் சென்றனர். வீடுதோறும் தாயருடன் அமர்ந்து, நினைவிற்கொள்ள வேண்டிய பத்துச் செய்திகளைக் கற்பித்தனர். அவ்வளவோடு நின்றாரல்லர், தாய் தன் கையாலேயே கரைசலைச் செய்து காட்டும்படி செய்தனர். அரைச் சேர் நீர் எதுவரை நிற்கும் என்பதை அவ்வீட்டுக் கலத்திலேயே குறியிட்டுக் காட்டினர்.

கற்பித்தோரின் ஊதியமும் புதுமையான முறையில் அமைந்தது. எத்தனை வீடுகளுக்குச் சென்றனர் என்பது கணக்கன்று. எத்தனை தாயர் கற்றனர் என்பதே கணக்கு. சில நாள் கழித்து வேறொரு குழுவினர் வருவர். சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துத் தாயரை வினவுவர். அவர்கள் செய்த கரைசலை ஆய்வுக்கும் அனுப்புவர். தாய் தந்த விடைக்கேற்பக் கற்பித்தவருக்கு ஊதியம் கூடும் அல்லது குறையும்.

தாயர் பத்துச் செய்திகளையும் பிழையின்றிக் கூறினர். ஆனால், குழந்தை நோயுற்றபோது அக்கரைசலைக் கொடுத்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. இந்நிலையில், ‘மக்கள் அறியாதவர்’ என்று பழி கூறி ஒதுங்குதல் எளிது. அந்நிறுவனத்தார் அவ்வாறு செய்யவில்லை. பிழை தம் முறையில் இருத்தல் கூடும் எனக் கருதிக் காரணம் தேடலாயினர்.

மூன்று காரணங்கள் புலப்பட்டன. கற்பித்த பெண்களுள் பலர் தாம் நோயுற்றபோது மாத்திரையையே நாடினர். தமக்கே நம்பிக்கை இல்லாததைப் பிறர் எங்ஙனம் நம்புவர்? ஆகவே, அவர்கள் டாக்காவிலுள்ள காலரா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, சோர்ந்து கிடந்தவர் கரைசலால் எழுந்தமர்வதைக் கண்ணாரக் கண்டனர். அடுத்தது, வீட்டு ஆடவரை ஒருவரும் கலந்துகொள்ளவில்லை. எனவே கடைத்தெருவிலும் பள்ளியிலும் பள்ளிவாசலிலும் ஆடவரிடம் எடுத்துரைக்க ஏற்பாடாயிற்று. மூன்றாவது, சொல்லைப் பற்றியது. சிற்றூர் மக்கள் வயிற்றுப்போக்கை நான்கு வகையாகப் பிரித்து வேறு வேறு பெயரிட்டிருந்தனர். கற்பித்தவர் ஆண்ட சொல்லோ மிகக் கடிய ஒருவகையை மட்டுமே குறித்தது. மற்ற வகைகளுக்கு இம்மருந்து உரியதன்று எனத் தாயர் கருதிவிட்டனர்! அதன்பின் மக்கள் வழங்கும் பெயர்களைக் கொண்டே பாடம் சொல்லப்பட்டது.

இவ்வாறு பிழையைத் திருத்தித் திருத்தி முறை செம்மையுற்றது. 1980 முதல் 1990 வரை, 75,000-க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் குடும்பங்கள் இதனைக் கற்றன. பின்னர் உப்புப் பொட்டலங்களும் கடைதோறும் கிடைக்கலாயின. வயிற்றுப்போக்கிற்கு வாய்வழிக் கரைசலை மிகுதியாக வழங்கும் நாடுகளுள் வங்காளதேசமும் ஒன்றாயிற்று. குழந்தை இறப்புக் குறைந்தமைக்குத் தடுப்பூசி, பெண்கல்வி முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் உப்பும் வெல்லமும் ஆற்றிய தொண்டு சிறிதன்று.

பொதுமக்களின் இடர் களையப் புகுவோர் இதிலிருந்து கற்க வேண்டுவன பல. ஓரிடத்தில் சோதித்துப் பார்த்த பின்பே எங்கும் பரப்புதல் வேண்டும். செய்த வேலையை அளத்தல் போதாது. விளைந்த பயனையும் அளத்தல் வேண்டும். மக்களுக்குக் கற்பிக்கச் செல்வோர் முதலில் மக்களிடம் கற்க வேண்டும். தோல்வியை மறைப்பவர் அதனையே மீண்டும் அடைவர்; ஆராய்பவர் அதனைப் படியாக்கி மேலேறுவர். பெருஞ்செல்வமும் பெருங்கருவியும் இல்லாத நாட்டிலும், பொறுமையோடு கற்கும் மனமுடையோர் இருப்பின், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் உயிர்காக்கும் அமுதமாகும்.