ஆயில் சம்ப் ஏன் ஒழுகுகிறது?

மதுரைத் தெருக்களில் ஒரு காலத்தில் அம்பாசிடர் கார்களே மிகுதியாக ஓடின. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான இக்காரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆயினும் பேணிக் காக்கப்பட்ட சில வண்டிகளை இன்றும் காணலாம். அத்தகைய கார் நின்று சென்ற இடத்தில் கறுப்பாக எண்ணெய்ச் சொட்டு இருந்தால், "ஆயில் சம்ப் பேக்கிங் போய்விட்டது" என்பார் மெக்கானிக். அதன் பொருள் என்ன?

எஞ்சினின் அடியில் திருகப்பட்டிருக்கும் தகட்டுத் தொட்டியே சம்ப். பழைய 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் இது சுமார் 4 லிட்டர் எண்ணெயைத் தாங்குகிறது. எண்ணெய் மிகவும் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங்குகள் உராய்ந்து உருகும், எஞ்சினே பாழாகும். ஆகவே ஒரு சொட்டையும் அலட்சியம் செய்யக் கூடாது.

தக்கையின் தனிச்சிறப்பு

இரு உலோகப் பரப்புகள் எவ்வளவு சமமாகத் தோன்றினாலும் அவற்றில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. எஞ்சின் சூடேறும்போது எண்ணெய் இளகி, அவ்விடைவெளிகளில் எளிதில் கசியும். அவற்றை நிரப்பவே இடையில் தக்கையாலான பேக்கிங்கை வைக்கிறார்கள்.

தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. 1665இல் ராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கியில் கண்டு 'செல்' என்று பெயரிட்டது இதன் அறைகளைத்தான். அவ்வறைகளில் காற்று நிறைந்திருப்பதால், அழுத்தினால் தக்கை உள்ளுக்குள்ளேயே சுருங்கும். பக்கவாட்டில் அதிகம் பிதுங்காது. ரப்பரோ கன அளவில் குறையாது; எனவே பக்கங்களில் பிதுங்கும். ஆய்வுக்கூடத்துத் தக்கை மூடியையும் ரப்பர் மூடியையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள், வேறுபாடு புலப்படும்.

இறுக்கினால் நிற்குமா?

ஒழுகினால் போல்ட்டை மேலும் முறுக்குவது பலரது வழக்கம். இதுவே தவறு! சம்பின் விளிம்பு மெல்லிய தகடு. அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட் துளையருகே தகடு மேல்நோக்கி வளையும். அங்கே தக்கை நசுங்கும்; இரு போல்ட்டுகளுக்கு நடுவில் இடைவெளி உண்டாகும். கசிவு முன்னிலும் அதிகரிக்கும். தேவைப்படுவது மிகுந்த அழுத்தமன்று. எங்கும் சமமான அழுத்தம்.

இவ்வகை எஞ்சினின் சம்ப் போல்ட்டுக்குத் தேவையான முறுக்குவிசை சுமார் 8 நியூட்டன் மீட்டர்தான். 20 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் ஏறத்தாழ 4 கிலோ எடை தொங்குவதற்கு இது சமம்.

வேலை செய்யும் முறை

முதலில் எஞ்சினைத் துடைத்துவிட்டு, கசிவு தொடங்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும். மேலே டாப்பெட் மூடியில் கசியும் எண்ணெயும் வழிந்து சம்பில்தான் சொட்டும். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தாலும் உள்ளே வாயு அழுத்தம் கூடி எண்ணெயை வெளியே தள்ளும். அப்போது புதிய பேக்கிங்கும் பயன் தராது.

எண்ணெயை வடித்து, சம்பைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். மேலெழும்பிய துளை விளிம்புகளை மரக்கட்டையின்மீது வைத்து மெல்லத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். பட்டறைகளில் பூசும் ஷெல்லாக் என்பது அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினே. அது சாராயத்தில் கரையும். எஞ்சின் எண்ணெயில் கரையாது. அதை மெல்லிதாகப் பூசினால் போதும்.

பின்பு எல்லா போல்ட்டுகளையும் விரலால் பொருத்தி, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, பக்கம் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்: ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் எவரும் படுக்கக் கூடாது, உறுதியான தாங்கிகள் வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. அது கண்மாய்க்கும் வைகைக்கும் போய்ச் சேரும்.

சிந்திக்க: ஸ்பானரின் நீளம் 30 செ.மீ. என்றால், அதே முறுக்குவிசைக்கு எவ்வளவு எடை தேவை? (விடை: சுமார் 2.7 கிலோ)