நீரிழிவு: யாருக்கு வரும் வாய்ப்பு அதிகம்?

"நான் தேத்தண்ணிக்குச் சீனியே போடுறேல்லை, எனக்கெப்படிச் சீனி வருத்தம் வரும்?" மீள்குடியேறிய கிராமங்களில் சுகாதாரக் கூட்டம் வைத்தால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகை நீரிழிவுக்குச் சீனி மட்டும் காரணமல்ல.

நாம் உண்ணும் சோறு, பாண், ரொட்டி எல்லாம் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அதை உடலின் கலங்களுக்குள் அனுப்புவது இன்சுலின். வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேரச் சேர இன்சுலினின் வேலை மந்தமாகிறது. ஆகவே தராசை மட்டும் நம்பாமல் இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டால், கை கால் மெலிந்தவராக இருந்தாலும் கவனம் தேவை.

முகாமில் இருந்தபோது நிவாரணமாகக் கிடைத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். வயல் வேலையும் கடல் தொழிலும் நின்றுபோயின. அது யாருடைய பிழையுமல்ல. ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மா ரொட்டியும் இனிப்புத் தேத்தண்ணியுமே பழக்கமாகிவிட்டால் அதை மாற்றத்தான் வேண்டும். முருங்கையிலை, பயறு, குரக்கன் எல்லாம் நம் மண்ணில் விளைபவை.

பெற்றோர், சகோதரருக்கு நீரிழிவு இருப்பவர்கள், 35 வயதைக் கடந்தவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கும் வாய்ப்புக் கூடுதல்.

தாய்மார் ஒன்றைக் கவனியுங்கள். கர்ப்ப காலத்தில் சீனி கூடி, பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது என்று பலர் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புப் பல மடங்கு. இடப்பெயர்வுக் காலத்தில் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகளும் வளர்ந்தபின் இந்த ஆபத்துக்கு உட்படலாம். 1944-45 பஞ்சத்தில் தாயின் வயிற்றில் இருந்த நெதர்லாந்துக் குழந்தைகளை, அவர்களது 50 வயதளவில் சோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. மெலிந்த பிள்ளையைத் தேற்ற பிஸ்கற்றும் சோடாவும் கொடுக்காதீர்கள். முட்டை, மீன், பருப்பு கொடுங்கள்.

தொடக்கத்தில் நோய்க்குறி எதுவும் தெரியாமலே இருக்கலாம். அரச வைத்தியசாலையில் பரிசோதனை இலவசம். உணவின்றி எட்டு மணித்தியாலம் இருந்தபின் எடுக்கும் இரத்தத்தில் குளுக்கோசு 100 முதல் 125 வரை இருந்தால் அது எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் உணவாலும் நடையாலும் பலருக்குத் தடுக்கலாம். 126 அல்லது அதற்கு மேலென்றால் மீண்டும் சோதித்து வைத்தியர் உறுதிசெய்வார்.

பழைய கிளினிக் கொப்பி, கர்ப்பகால அட்டை இருந்தால் கொண்டுபோங்கள், தொலைந்திருந்தாலும் போகலாம். அன்று காலை வெறும் தண்ணீர் மட்டும். தேத்தண்ணி இரத்தம் கொடுத்த பிறகு.