இரு முடிகளும் ஒரு மணமும்

வரலாறு பயிலும் அன்புத் தங்கைக்கு,

1469 அக்டோபரில் வயதோலித் நகரில் காஸ்டீல் இளவரசி இசபெல்லாவும் அரகோன் இளவரசர் பெர்டினாண்டும் மணந்துகொண்டபோதே ஸ்பெயின் என்னும் ஒரே நாடு பிறந்துவிட்டதாக எண்ணுவது பரவலான தவறு. இசபெல்லா 1474இல் முடிசூடியதும், மறு ஆண்டு செகோவியாவில் எழுதப்பட்ட உடன்படிக்கை, காஸ்டீலின் உரிமையுள்ள அரசி அவரே என்பதை உறுதிசெய்தது. ஆணைகளில் கணவரின் பெயர் முதலில் வரலாம், ஆனால் காஸ்டீலின் சின்னமே அரகோனின் சின்னத்துக்கு முன் நிற்க வேண்டும் என்ற அளவுக்கு அது நுணுக்கமானது. 1479இல் பெர்டினாண்டு அரகோனின் அரசரான பின்னரும் இரு நாடுகளின் சட்டங்களும் நாணயங்களும் வரிகளும் தனித்தனியாகவே இருந்தன. எல்லைச் சுங்கச் சாவடிகளும் அகற்றப்படவில்லை.

ஆகவே அரச அதிகாரம் ஓரிடத்தில் குவிந்த கதையைக் காஸ்டீலுக்குள்தான் தேட வேண்டும். பிரபுக்களின் பூசல்களால் நலிந்திருந்த அந்நாட்டில், 1476இல் எர்மன்தாத் என்னும் காவற்படை, நகரங்களின் செலவில், ஆனால் அரசின் கட்டுப்பாட்டில், வழிப்பறியையும் கொலையையும் ஒடுக்க அமைக்கப்பட்டது. 1480இல் தொலேதோவில் கூடிய கோர்த்தெஸ், அதாவது நகரப் பிரதிநிதிகள் அரசரிடம் முறையிட்டு வரிக்கு ஒப்புதல் தரும் அவை, இன்னும் ஆழமான மாற்றங்களுக்கு வழி திறந்தது. முந்தைய ஆட்சியில் பிரபுக்களுக்கு வாரி வழங்கப்பட்ட அரச வருவாயில் கணிசமான பகுதி மீட்கப்பட்டது. அரச ஆலோசனைக் குழுவில் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றோர் பெரும்பான்மை பெற்றனர். நகர மன்றங்களைக் கண்காணித்து நீதி வழங்கும் கொரெகிதோர் என்னும் அதிகாரிகள் நகரந்தோறும் அனுப்பப்பட்டனர். போர்க்களத்தில் பெற்ற வெற்றிகளைவிட, ஏடும் எழுதுகோலும் ஏந்திய இந்த அலுவலர்களே முடியாட்சிக்கு நிலையான வலிமை தந்தவர்கள் என்று சொல்வது மிகையாகாது. எனினும் பிரபுக்கள் தம் நிலங்களை இழக்கவில்லை; அவர்கள் இழந்தது பெரிதும் ஆட்சி முடிவுகளில் செலுத்திய செல்வாக்கையே.

அரகோனிலோ, தொன்மையான உரிமைகளைக் காக்கும் அவைகளும், அரச அதிகாரிகளின் அத்துமீறலைத் தடுக்கவல்ல ஹுஸ்தீசியா என்னும் நடுவரும் இருந்ததால், பெர்டினாண்டால் அத்தகைய மாற்றங்களை எளிதில் செய்ய முடியவில்லை. இரு நாடுகளின் எல்லையையும் தாண்டி ஆணை செலுத்திய நிறுவனம் ஒன்றே ஒன்று. அது, 1478இல் போப்பின் அனுமதி பெற்று, 1483இல் தொர்க்கெமாதாவின் தலைமையில் அரகோனுக்கும் விரிந்த சமய விசாரணை மன்றம். யூதராகப் பிறந்து கிறித்தவம் தழுவியோரைச் சந்தேகத்தின் பேரில் சிறையிலிட்டும் எரித்தும் கொன்ற கொடிய மன்றம் அது. மதம் மாறாத யூதர்களோ 1492இல் நாட்டை விட்டே துரத்தப்பட்டனர். இந்த ஒற்றுமைக்கு மனிதர் கொடுத்த விலையை, தங்கையே, அரச சாதனைகளைப் படிக்கும்போது மறந்துவிடலாகாது.

1504இல் இசபெல்லா இறந்ததும் காஸ்டீலின் முடி மகள் ஹுவானாவுக்குச் சென்றது. பெர்டினாண்டு ஜெர்மென் தெ ஃபுவாவை மறுமணம் செய்துகொண்டார். 1509இல் அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை பிழைத்திருந்தால் அரகோன் மீண்டும் தனி அரசாகியிருக்கும். குழந்தை சில மணி நேரத்தில் இறந்ததால், 1516இல் பேரன் சார்லஸ் இரு நாடுகளையும் ஒருசேர ஆளத் தொடங்கினார். அப்போதும் அரகோனின் சட்டங்கள் அழியவில்லை; அரகோன், வலென்சியா ஆகியவற்றின் தனியுரிமைகளை ஐந்தாம் பிலிப் நீக்கியது 1707இல்தான்.